'தொடர்புக்கு' என்ற வரியில் இல்லாத பெயர்: கலைஞர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

கடந்த தை மாதம் கூடிய பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எனக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அரிதாரம் பூசி மேடையேறுவோரும் பக்கவாத்தியம் வாசிப்போரும் மட்டுமே இனிச் சங்கத்தின் உறுப்பினர்கள் என்றும், ஜமாக்களுக்கு (கூத்துக் குழுக்களுக்கு) நாள் பேசித் தருவோர், நோட்டீசு அச்சிடுவோர், மேடை ஏற்பாடு செய்வோர் ஆகியோர் வணிகர்கள், அவர்களுடைய அட்டை புதுப்பிக்கப்படாது என்றும் அதில் கண்டிருக்கிறது. அதே உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. சங்கம் வெளியிடவிருக்கும் மலருக்காகச் சென்ற ஆவணியில் என் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற தகரப் பெட்டியின் 412 நோட்டீசுகள் போதவில்லை, 1995-க்கு முந்தையவை வேறு இருந்தால் அவற்றையும் கொடுத்து உதவ வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறீர்கள். என்னை வெளியே போகச் சொல்லும் தாளுக்குத் தீர்மான எண் போட்டு, முத்திரை குத்தி, மூவர் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பெட்டியைக் கேட்கும் தாளில் ஒரு கையெழுத்துகூட இல்லை.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதை ஊரறிய இழுத்துவிடுவது என் நோக்கமல்ல. அதன் முதல் ரசீதுப் புத்தகத்தை அச்சுக்கோத்துக் கொடுத்தவளும் நான்தான். ஆனால் இந்தத் தீர்மானம் ஒரு அறைக்குள் நிறைவேறிவிட்டதால் அறைக்குள்ளேயே முடிந்துவிடாது. என்னைப் போல வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் நாடகத்தை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் வேலையைச் செய்கிற எல்லோரையும், குறிப்பாகக் கணவன் பெயரிலோ அண்ணன் பெயரிலோ அந்த வேலையைச் செய்துவரும் பெண்களை, அது தொடுகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1986-இல், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, வேலூரில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோப்பவளாகச் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. அந்த அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக வந்த வேலை, பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் வரும் பாரத விழா நோட்டீசுகள்தான். ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் மெல்லிய தாள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே 'ஸ்ரீ திரௌபதி அம்மன் ஆலய மகாபாரத அக்னி வசந்த விழா'. அதன் கீழே ஒவ்வொரு நாள் பகலும் பாரதப் பிரசங்கம் செய்பவரின் பெயர், ஒவ்வொரு இரவும் நடக்கும் கூத்தின் பெயர். எங்கள் கேஸில் (அச்செழுத்துப் பெட்டியில்) பெரிய எழுத்தில் 'ன்' ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'அர்ச்சுனன் தபசு', 'துரியோதனன் படுகளம்' இரண்டையும் ஒரே நோட்டீசில் பெரிய எழுத்தில் கேட்டுவிட்டால், நான் அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய் இன்னொரு 'ன்' கடன் வாங்கி வருவேன். மலருக்காக நீங்கள் இப்போது படம் எடுத்து வைத்திருக்கும் பழைய நோட்டீசுகளில் அர்ச்சுனனின் 'ன்' மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தால், காரணம் அதுதான்.

நாடகத்துக்கு விளம்பரம் செய்வது என்னவென்று நான் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். எழுத்தின் அளவுக்காக வேடக்காரர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்ணன் வேடக்காரருக்கு 24 பாயிண்டு, கிருஷ்ணன் வேடக்காரருக்கு 18 பாயிண்டு என்று போட்டுவிட்டதற்காக ஒரு விழாவே நிற்கப் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு, பெயர்களை எல்லாம் ஒரே அளவில், திரை விலகி யார் முதலில் வருகிறாரோ அந்த வரிசையில் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். இன்று நம் பக்கத்து நோட்டீசுகளில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அது ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது வணிகமா, நாடகத்தை நடத்துவதா என்று உங்களைக் கேட்கிறேன்.

மத்தளம் வாசித்தவரை மணந்தேன். அவர் ஜமாவோடு போவார். நான் நோட்டீசு, பசை, தட்டி, வண்டிச் சத்தம், முன்பணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன். மைதா மாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சுவதற்கே ஒரு பக்குவம் உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள். சுவரில் ஒட்டியதை நள்ளிரவில் மாடு உரித்துத் தின்னும், துத்தம் மாட்டுக்கு ஆகாது என்பதால் நான் போட்டதில்லை. மாடு தின்ற சுவருக்கு மறுநாள் காலையில் இன்னொன்று ஒட்டினேன். கே.வி.குப்பம், லத்தேரி, அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று பேருந்து நிற்கிற ஊரெல்லாம் எந்தச் சுவர் யாருடையது, யாரிடம் கேட்டு ஒட்ட வேண்டும், எந்த டீக்கடையில் நோட்டீசைக் கொடுத்தால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும் என்பது என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் என்னை 'நோட்டீசு அம்மா' என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான்.

2003-இல் என் கணவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மூன்று ஊர்க்காரர்கள் வந்து, அவர் பேசி வைத்திருந்த கூத்துகள் நடக்குமா என்று கேட்டார்கள். நடக்கும் என்று சொன்னேன். நடந்தன. அன்றிலிருந்து ஊர்க்காரர்களோடு கூத்தை ஒப்பந்தம் செய்து தாம்பூலம் மாற்றுவதும், ஜமாவுக்கு அச்சாரம் கொடுப்பதும், வேன் பிடிப்பதும், முகவீணைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் போளூரிலிருந்து இன்னொருவரை இரவோடு இரவாக வரவழைப்பதும் என் பொறுப்பு. அடுத்த ஆண்டு சங்கம் எனக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தது. சென்ற பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, 'அந்தம்மா வீட்டுக்காரர் மத்தளம் வாசிச்சாரு, அவருக்காகத்தான் கார்டு குடுத்தோம்' என்று சொன்னதாகவும், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அந்த வாக்கியத்தை நான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. இறந்துபோன மத்தளக்காரருக்கு 2004-இல் எதற்கு அட்டை?

தயாரிப்பு என்ற சொல்லைச் சினிமாவுக்கு மட்டும் உரியதாக நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பாரத விழாவுக்குப் பத்து நாள் கூத்து விடுகிற ஊர், கடைசியில் எதைப் பார்க்கிறது? தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறுவதைப் பார்க்கிறது. அந்தப் பனைமரத்தை எந்தத் தோப்பில் வெட்டுவது, எத்தனை அடி நிலத்துக்குள் இறக்குவது, மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காக ஈரப்புடவையோடு காத்திருக்கும் பெண்கள் நெரிசலில் சிக்காமல் இருக்கக் கயிறு எங்கே கட்டுவது என்பதை எல்லாம் முன்கூட்டியே ஒருவர் யோசித்திருக்க வேண்டும். படுகளத்தன்று மண்ணால் செய்யும் துரியோதனன் உருவத்துக்கு எத்தனை வண்டி மண் வேண்டும் என்பதையும், கொட்டகைக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே எவ்வளவு தூரம் விட்டால் பாட்டு கேட்கும் என்பதையும் அப்படித்தான்.

அனுமதியின் கதை தனி. 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி, நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இருந்தது. கூத்துக்கு ஏது பிரதி? கூத்தைக் கற்றுத்தரும் வாத்தியார் தலைக்குள் இருப்பதுதான் பிரதி. ஒரு காவல் நிலையத்தில் பிரதி இல்லாமல் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டதால், 'அபிமன்யு சண்டை'யை வாத்தியார் பாடிக்கொண்டே வர, நான் எட்டுப் பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தேன். அன்றிரவு நடந்த கூத்துக்கும் அந்த எட்டுப் பக்கத்துக்கும் அபிமன்யு இறந்துபோவது ஒன்றுதான் பொதுவாக இருந்தது. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, நான் அந்தச் செய்தித்தாளை வெட்டி அதே தகரப் பெட்டியில் வைத்தேன். அதுவும் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் ஒலிபெருக்கிக்கான கட்டுப்பாடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக் காலங்களில் அரசு விரும்பினால் நள்ளிரவு 12 மணி வரை விலக்கு அளிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. தூக்கம் வேண்டிய நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உள்ள ஊரில் இந்த விதி தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் கூத்து இரவு 10 மணிக்குத்தான் தொடங்குகிறது, விடிந்தால்தான் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டும்.

2009-இல் கண்ணமங்கலத்துக்கு அருகே ஒரு ஊரில் 'கர்ண மோட்சம்' நடந்த இரவை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். அன்று கட்டியங்காரன் வேடம் கட்டியவர் இன்று உங்கள் செயற்குழுவில் இருக்கிறார்; நான் சொல்வதில் ஒரு சொல் கூடியிருந்தால் அவர் திருத்தட்டும். 12 மணி அடித்துப் பத்து நிமிடத்தில் காவல் துறையினர் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். விழாக்குழுவினர் சிலர் குரலை உயர்த்தினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வழக்காகியிருக்கும், அடுத்த ஆண்டு அந்த ஊரில் கூத்தே இருந்திருக்காது. நான் மைக் செட்டுக்காரரிடம் போய் அணைக்கச் சொன்னேன். கூம்புக் குழாய் சட்டென்று அடங்கியதும் ஊரே அமைதியாகிவிட்டது. திரைக்குப் பின்னால் புஜக்கட்டையோடும் கிரீடத்தோடும் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு அப்போது 66 வயது. முகத்தில் பூசிய முத்துவெள்ளை வேர்வையில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

'என்னாம்மா, தொண்டைய நம்பி எறங்கலாமா?' என்று கேட்டார்.

'எறங்குங்க வாத்தியாரே. சனத்தக் கிட்ட கொண்டாந்து உக்கார வெக்கிறேன்.'

நானும் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரும் பாய்களை இழுத்து, படுத்துக்கிடந்த குழந்தைகளைத் தூக்கி, பெரியவர்களைக் கைப்பிடித்து எழுப்பி, ஆட்டக்களத்தைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தோம். ஆர்மோனியத்தைத் தாழ்த்தச் சொன்னேன். வாத்தியார் திரையை விலக்கிக்கொண்டு வந்து பாடிய முதல் அடி பின்வரிசைக்கு எட்டவில்லை. இரண்டாம் அடி எட்டியது. மைக் வருவதற்கு முன்னால் தீவட்டி வெளிச்சத்தில் நம் முன்னோர் ஆடியது இப்படித்தானே என்று எனக்கு அப்போது தோன்றியது. கர்ணனின் மனைவி பொன்னுருவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு போருக்குப் போகாதே என்று அழுத இடத்தில், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். மைக் இருந்திருந்தால் அந்தக் கிழவி ஐம்பது அடி தள்ளி இருந்திருப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு, வாசலிலேயே நின்று முழுக்கப் பார்த்துவிட்ட காவலர் ஒருவர் தட்டில் பத்து ரூபாய் போட்டார்.

மறுநாள் ஊர் முழுக்க அந்த வாத்தியாரைப் புகழ்ந்தது. அது அவருக்கு முழுக்கத் தகும், அவர் குரலுக்கு நான் ஈடாகமாட்டேன். அந்த இரவு நின்றுபோகாமல் நடந்ததில் என் பங்கு ஒன்று உண்டு என்பதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த வழக்கம் மெல்ல மாறி, நாடகத்துக்கும் சில ஜமாக்களுக்கும் பெண்கள் வரத் தொடங்கியபோது, அவர்கள் எங்கே உடை மாற்றுவார்கள் என்று எந்த விழாக்குழுவும் கேட்டதில்லை. ஒரு ஊரில் இரண்டு பெண்கள் டிராக்டருக்குப் பின்னால், ஒருத்தி புடவையை விரித்துப் பிடிக்க மற்றவள் மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எழுதுகிற தாம்பூலச் சீட்டில், கதவுள்ள ஒரு அறை, அதற்குள் விளக்கு, அருகில் கழிப்பறை, விடிந்ததும் பேருந்து நிறுத்தம் வரை வண்டி என்று நான்கு வரிகளைச் சேர்த்தேன். ஒப்புக்கொள்ளாத ஊரில் கூத்தே பேசமாட்டேன். முதல் ஆண்டு ஆறு ஊர்கள் கைவிட்டுப் போயின, அவற்றில் நான்கு அடுத்த ஆண்டு திரும்பி வந்தன. நஷ்டம் எனக்குத்தான், அறை எல்லா ஜமாவுக்கும் கிடைத்தது. இதையும் வணிகக் கணக்கில் எழுதுவதாக இருந்தால், எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 14 ஊர்களின் அச்சாரத்தை ஜமாக்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அவர்கள் அதை அரிசிக்கும் வாடகைக்கும் செலவழித்துவிட்டிருந்தார்கள், வேறென்ன செய்வார்கள். ஊர்க்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான், அது கோயில் பணம். மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து எட்டு ஊர்களுக்குத் திருப்பினேன், மற்ற ஆறு ஊர்களில் காலில் விழாத குறையாகத் தவணை கேட்டேன். ஒரு வேடக்காரரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் சங்கம் கலைஞர்களுக்கு அரிசி மூட்டை கொடுக்க முனைந்தபோது, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் சங்கத்திடம் இல்லை. என் நோட்டுப் புத்தகத்திலிருந்து 63 பேரின் முகவரியைப் பொருளாளர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு போனார். அப்போது அது வணிகரின் நோட்டுப் புத்தகம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஊரில் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு ஜமாவுக்கு இருபத்தைந்தாயிரம் கொடுக்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். விடிந்ததும் தொலைபேசியை அணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் வயிறெரிந்தவர்கள்தான் அன்று பொதுக்குழுவில் கை தூக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாங்குவது நூற்றுக்குப் பத்து. அதைத் தாம்பூலச் சீட்டிலேயே எழுதி, விழாக்குழுவுக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று பிரதி போடுகிறேன். கள்ளனைப் பிடிக்க வேண்டுமானால் எல்லோரையும் சீட்டு எழுத வையுங்கள். கணக்குக் காட்டுகிறவரையும் காட்டாதவரையும் ஒரே தீர்மானத்தில் வெளியேற்றினால், வெளியே போகிறவர் கணக்குக் காட்டுகிறவராகத்தான் இருப்பார். மற்றவர் எப்போது அட்டை கேட்டார்?

மேடையேறாதவர் கலைஞர் ஆகார் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை எழுதிய மேசைக்கு நேர் மேலே, மாலை போட்டு, சங்கரதாஸ் சுவாமிகளின் படம் மாட்டியிருக்கிறது. சனீஸ்வரன் வேடத்தில் அவரைக் கண்டு மிரண்ட ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்த துயரத்துக்குப் பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்பது நாடக உலகில் எல்லோரும் சொல்கிற கதை. 1922-இல் அவர் மறையும் வரை எழுதினார், பயிற்றுவித்தார், குழு நடத்தினார். உங்கள் தீர்மானத்தின்படி அவருடைய அட்டையும் புதுப்பிக்கப்படாது.

கும்பகோணம் பாலாமணி அம்மாளின் பெயரை நம் வாத்தியார்கள் இன்னும் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்தியவர் அவர். அவருடைய நாடகத்தைப் பார்க்கக் கும்பகோணத்துக்குத் தனி ரயில் விட்டார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. நடிப்பும் அழகும் மட்டும் ரயிலைக் கொண்டுவராது. எந்த ஊரில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு மூளையும் அங்கே இருந்திருக்க வேண்டும். மேடையில் வளர்ந்து 1931-இல் 'காளிதாஸ்' படத்தில் நடித்த டி.பி. ராஜலட்சுமியை முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி என்று எல்லோருக்கும் தெரியும். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே தயாரித்து இயக்கியவர் அவர் என்பதை எத்தனை பேர் முதலில் சொல்கிறார்கள்? மேடையேறிய பெண்களுக்கே தயாரித்த கணக்கு இப்படித்தான் விட்டுப்போகிறது. மேடையேறாதவளுக்கு எது மிஞ்சும்?

இனி மலரைப் பற்றி. அந்த 412 நோட்டீசுகளில் ஒவ்வொன்றின் அடியிலும் 'தொடர்புக்கு' என்று ஒரு வரி இருக்கிறது. 2003 வரை அதில் என் கணவர் பெயர். அதற்குப் பிறகும் அவர் பெயர்தான். பொம்பளை பெயரைப் போட்டால் ஊர்க்காரர்கள் இரவு பத்து மணிக்குப் பேசத் தயங்குவார்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் உங்களில் மூத்தவர்கள்தான். நானும் ஒத்துக்கொண்டேன், பிழைப்பு முக்கியமாக இருந்தது. இறந்துபோனவர் பெயரை இருபது ஆண்டுகளுக்கு மேல் என் கையாலேயே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஈய எழுத்துப் போய்க் கணினி வந்த பிறகும், நோட்டீசு போய் வாட்ஸ்அப் படம் வந்த பிறகும், அந்த வரி மாறவில்லை. நீங்கள் அந்த நோட்டீசுகளை அப்படியே படமெடுத்து மலரில் போட்டால், இந்தப் பக்கத்துக் கூத்தின் நாற்பதாண்டு வரலாற்றில் நான் ஒரு இடத்திலும் இருக்கமாட்டேன். அச்சுக்கு முந்தைய பக்கங்களை எனக்கு ஒருவர் காட்டினார். நன்றி சொல்லும் பக்கத்தில் விளம்பரம் கொடுத்த பட்டுப்புடவைக் கடை இருக்கிறது. பெட்டி எங்கிருந்து வந்தது என்று இல்லை.

எனக்கு 58 வயதாகிறது. முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து, ஒரு சித்திரையில் ஆற்காட்டுக்கும் ஆம்பூருக்கும் காட்பாடிக்கும் கூத்து பேசினால் மூன்று மாவட்டத்து அலுவலகங்களுக்கு நடக்கிறேன். கலைஞர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்ய விண்ணப்பத்தை எடுத்துச் சென்றபோது, சங்கத்தின் கடிதமும் நடப்பு அட்டையும் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். அறுபது வயது முடிவதற்குள் பதிவாக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். இந்தத் தீர்மானத்தால் என் மானத்தோடு, முதுமைக்கு நான் நம்பியிருந்த ஒரே வழியும் போகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே, பங்குனி பிறப்பதற்குள், அந்தத் தீர்மானத்தை நிறுத்திவைத்து, சித்திரைக்குள் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி அதை நீக்க வேண்டும். அந்தப் பொதுக்குழுவில் நான் பேச அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்; என்னைப் பற்றிப் பேசியவர் என் முகத்துக்கு நேராக அதைத் திரும்பச் சொல்லட்டும். உறுப்பினர் விதியில் வேடக்காரர், வாத்தியக்காரர் என்ற சொற்களுக்கு அடுத்து, நாடகம் நடத்தித் தருவோர், விளம்பரம் செய்வோர், ஒப்பனை செய்வோர், மேடையும் ஒளியும் ஒலியும் அமைப்போர் என்று சேர்க்க வேண்டும். இவர்களில் பணம் கையாளுகிறவர்கள் எல்லோரும் மூன்று பிரதித் தாம்பூலச் சீட்டு எழுத வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். மாதிரிச் சீட்டை நானே எழுதித் தருகிறேன். பெண்களுக்கான அந்த நான்கு வரிகள் அதில் இருக்கும், அவற்றை நீக்கச் சம்மதிக்கமாட்டேன்.

என் அட்டையைப் புதுப்பித்து, நல வாரியத்துக்கான கடிதத்தை 15 நாட்களுக்குள் தர வேண்டும். அதில் 'மத்தளக் கலைஞரின் மனைவி' என்று எழுத வேண்டாம். 1986 முதல் நாடக விளம்பரமும் 2003 முதல் நாடகத் தயாரிப்பும் செய்துவருபவர் என்று எழுதினால் போதும், அதுதான் உண்மை.

மலரின் அச்சை நிறுத்திவைக்க வேண்டும். நோட்டீசுப் படங்கள் வரும் ஒவ்வொரு பக்கத்திலும், 2003-க்குப் பிந்தையவற்றின் கீழே, 'தொடர்புக்கு' என்ற வரியில் அச்சாகியிருப்பது மறைந்தவரின் பெயர், கூத்தை நடத்தியவர் இவர் என்று என் பெயரைப் போட வேண்டும். அதற்கு முந்தையவற்றின் கீழே அச்சுக்கோத்தவர் என்று போடுங்கள். இதற்கு உடன்பாடில்லை என்றால் 412 நோட்டீசுகளையும் எண்ணிக்கை குறையாமல், செய்தித்தாள் வெட்டு உட்பட, தகரப் பெட்டியோடு என் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எடுத்துப்போன அன்று ரசீது தரவில்லை, இன்றைக்காவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். 1995-க்கு முந்தையவை 57 இருக்கின்றன. பரண்மேல் இருக்கும் அந்த இரண்டாவது பெட்டியை, உங்கள் பதில் எழுத்தில் வரும் வரை இறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் இன்னும் அடிக்கப்படாத உறுப்பினர் எண் 217,
வேலூர்